கீழ்முனையில் தங்கை

இஸ்திரி போடுகிறவரிடம் யாரோ சொன்னார்களாம், அவர் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாராம். இருமல் மருந்து வாங்கப் போன என்னிடம் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை தெருவ அடைச்சுப் பசங்கள விளையாட விடுறாங்கல்ல, அது இனிமே கிடையாதாம். கூட இருந்த ஆளே போட்டுக் குடுத்துட்டாங்களாம்."

இந்த ஊருக்கு வந்தபின் என் மகள் வீட்டுக்கு வெளியே வாய் திறந்ததே அந்த விளையாட்டில்தான். நேரே தையல் அக்காவிடம் போனேன். கால்சட்டை ஓரம் மடித்துக்கொண்டிருந்தவர், உதட்டில் கவ்விய குண்டூசிகளோடு சிரித்தார்.

"நம்ம தெருவுலயா? போங்க தம்பி, எவனோ வேல இல்லாம கத கட்டுறான்."

அந்த விளையாட்டு நேரமே அவர் உண்டாக்கியதுதான். தையல் இயந்திரம் ஜன்னலோரம். கால் மிதிக்க, கண் தெருவில் இருக்கும். நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே பந்தெடுக்கக் குனிந்த குழந்தையை ஒரு மோட்டார் சைக்கிள் உரசிப் போன அன்று, தைத்த துணியைப் போட்டது போட்டபடி எழுந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க, வீடு வீடாக ஏறிச் சம்மதம் கேட்டார். நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஞாயிறு காலை தெருவின் இரு முனையிலும் கயிறு கட்ட அனுமதி கிடைத்தது. மேல்முனைக்கு அவர் காவல். கீழ்முனைக்கு, எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் அவருடைய தங்கை. கூடப் பிறந்தவள் இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேடுவது?

தெருக்காரர் வண்டி வந்தால் கயிற்றை அவிழ்ப்பார்கள். காவலில் இருப்பவர் முன்னால் நடக்க, வண்டி பின்னால் ஊர்ந்து வரவேண்டும். பிள்ளைகள் அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். தங்கையின் கணவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். ஞாயிறுதான் சவாரி அதிகம். அவர் வேன் நுழைந்தால் போதும், "மந்திரி வர்றாரு, வழி விடுங்க!" என்று அணிவகுத்து முன்னால் நடப்பார்கள். தெருவே சிரிக்கும். அக்கா எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பார். மனிதருக்கு 'மந்திரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் அக்கா அலுவலகத்துக்குப் போனபோது நானும் உடன் போனேன்.

"ஃபோன்ல புகார் வந்திருக்கும்மா," என்றார் எழுத்தர். "போன வாரம் நீங்க மேல்முனைய விட்டுட்டுப் போயிட்டீங்களாம். ஒரு கார் உள்ள பூந்துடுச்சாம்."

"ஒண்ணும் ஆகல சார், கார் உடனே திரும்பி..." பாதியில் நிறுத்தினார். "பேசினது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளதான். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள அவங்களே வாபஸ் வாங்கினா சரி. இல்லன்னா அனுமதி ரத்து."

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து, போன ஞாயிறு நடந்ததைச் சொன்னார். அன்று கீழ்முனையில் ஒரு குழந்தை விழுந்து நெற்றியில் ரத்தம். "அக்கா, ஓடி வாயேன், தனியா என்னால முடியல" என்று கத்தியது தங்கைதான். எல்லாரும் குழந்தையைச் சூழ்ந்து நின்றதால், கார் நுழைந்ததைப் பார்த்தது அக்காவும் தங்கையும் மட்டும். "விடுக்கா, யார் கேட்டாலும் நான் மூச்சு விட மாட்டேன்" என்று சொன்னதும் அவள்தான்.

"அவங்க வீட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்திருப்பாரு," என்றேன் ஆறுதலாக.

"வாய் இவளோடதுதானே தம்பி? அவ புருஷனப் பாத்து நான் சிரிச்சது வலிச்சிருந்தா, மூஞ்சிக்கு நேரா நாலு திட்டு திட்டியிருக்கலாமே. என் ஜடையப் புடிச்சு இழுத்துச் சண்ட போட்டு வளந்தவதான? குழந்தைங்க விளையாட்டுல வந்து கை வைக்கணுமா?"

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து தங்கையைக் கைப்பேசியில் அழைத்தார். எதிர் மாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மணிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். அடுத்த சட்டையை உதறினாள்.

"எடுடீ," என்றார் அக்கா, பாதிக் குரலில். "திட்டவாவது எடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.