மூடியில் இருந்த கண்

நாம் பார்க்கிற பெட்டி நம்மையும் பார்க்கும் என்று நான் நம்பினேன். அறியாத வயதில் அல்ல. முப்பது தாண்டி, மீசையெல்லாம் வைத்து, பாபநாசத்தில் உரக்கடை நடத்திக்கொண்டிருந்தபோது. பூச்சி மருந்தையும் களைக்கொல்லியையும் மாற்றிக் கேட்டு வருகிறவர்களைக் கேலி செய்தே பெயர் வாங்கியிருந்தவன் நான். அப்படிப்பட்ட புத்திசாலி, வெள்ளிக்கிழமை மத்தியானமானால் முகம் கழுவி, பவுடர் போட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தலையில்லாத ஒரு லேப்டாப்பின் முன்னால் போய் உட்காருவேன். பெட்டியில் அத்தானின் முகம் எனக்குத் தெரிகிறது, ஆகவே என் முகமும் அங்கே அவருக்குத் தெரியும். ஜன்னலின் எந்தப் பக்கம் நின்றாலும் ஜன்னல் ஒன்றுதானே?

அத்தான் என்றால் அக்காவின் கணவர். குவைத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. பாப்பா தவழ்ந்துகொண்டிருந்தபோது விமானம் ஏறியவர். அக்காவும் பாப்பாவும் எங்கள் வீட்டோடு இருந்தார்கள். டெலிபோனில் அத்தான் பேசினால் பாப்பா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடுவாள். குரல் மட்டும் வருகிற ஒரு மனிதர் அவளுக்கு நம்பிக்கையாகப் படவில்லை. அதற்காகத்தான் அத்தான் லேப்டாப் வாங்கினார். மகள் தன் முகத்தைப் பார்க்கட்டும், தானும் மகளைப் பார்க்கலாம் என்று.

லீவில் வந்த கீழ்வேளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டி கட்டும் முறை தெரிந்ததுதானே. உடையக்கூடியதைப் போர்வையில் சுற்றி நடுவில் வைப்பார்கள். பிறகு இடம் மிச்சமிருக்கிறதே என்று பால் பவுடர் டின், இஸ்திரிப் பெட்டி, பேரீச்சம்பழம், தைல பாட்டில் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி, மேலே ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பார். எங்கள் லேப்டாப்பின்மேலும் யாரோ நன்றாக உட்கார்ந்திருந்தார்கள். திறந்து சுவிட்சைப் போட்டால், திரை முழுக்க மைக்கூடு கவிழ்ந்த மாதிரி ஒரு கறை. அதைச் சுற்றி விரிசல்.

என் வீரம் அப்போது தெரிந்தது. படக்கென்று மூடிவிட்டேன். மூடிவைத்தால் தானாக ஆறிவிடும் என்று எண்ணினேனோ என்னவோ. "மாதாவே, ஒரு தடவை காப்பாத்து, வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்" என்று முணுமுணுத்தேன். பிறகு மெதுவாகத் திறந்து பார்த்தேன். கறை அப்படியே இருந்தது. வேளாங்கண்ணிக்கு நான் இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறேன்.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூளை எல்லாம் அடியில இருக்கு சார். ஒடஞ்சது மூஞ்சி மட்டும்தான். புது மூஞ்சி வாங்குற காசுக்குப் புது மெஷினே வாங்கிடலாம். வேற மூஞ்சி ஒண்ணு மாட்டித் தர்றேன், வீட்டுல வச்சுப் பேசத்தானே?" என்றார். திரையிருந்த மூடியைக் கழற்றினார். மூடிக் கிடந்த ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து, முதுகில் பூசணிக்காய் கட்டிய மாதிரியான பழைய மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கம்பியால் இணைத்தார். பேச ஒரு மைக்கும், ஒரு மவுசும் கொடுத்தார். கழற்றிய மூடியைப் பாலிதீன் பையில் போட்டு என் கையில் திணித்தார். அதைப் பரணில் எறிந்தேன். மடியில் வைக்க வந்தது மேசையில் வேரூன்றி நின்றது. கழுத்தை வெட்டி யானைத் தலை ஒட்டியிருப்பதாக நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை. அத்தானுக்கு அன்றுதான் விடுமுறை. பெட்டியில் கட்டங்கட்டமாக உடைந்து, பிறகு சேர்ந்து, அவர் முகம் வந்தது. பின்னால் இரும்புக் கட்டில், அதில் காயும் துண்டு. தலைமுடி நன்றாகக் கொட்டியிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா ஓடவில்லை. நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, மானிட்டர் கண்ணாடியில் மூக்கு ஒட்ட, "அப்பா, நான் தெரியிறேனா?" என்றாள்.

அவர் கண்கள் இப்படியும் அப்படியும் தேடின. லைன் மெதுவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

"தெரியுறடா கண்ணு. நல்லா தெரியுற."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைவிடப் பெரிய நாளாகிவிட்டது. அக்கா கோயிலுக்கு உடுத்துகிற சேலையை உடுத்துவாள். "நான் என்ன சேலை கட்டியிருக்கேன், சொல்லுங்க பாப்போம்" என்பாள். "எனக்குப் புடிச்சததான் கட்டியிருக்க" என்பார் அவர். அக்கா முகம் சிவந்துபோவாள். பாப்பா விழுந்த பல்லைக் காட்டினாள். வரைந்த கோழியைக் காட்டினாள். கொலுசு போட்டுக்கொண்டு பள்ளிக்கூட டான்ஸை முழுக்க ஆடிக் காட்டினாள். "அருமை, அருமை" என்றார் அத்தான். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. அவர் எப்போதும் எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி பேசினார். குவைத் போனதில் பெரிய மனுஷத்தனம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு அறிவுரை ஆரம்பித்தார். "மாப்ளே, ஆத்துல தண்ணி வர்றதையும் வராததையும் நம்பி உரம் விக்கிறதெல்லாம் ஒரு தொழிலா? பாஸ்போர்ட்டு எடு" என்றார். நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தாடையைத் தடவுகிற விதம், கண்ணைச் சுருக்குகிற விதம் எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டினேன். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பேச்சு முடிந்த பிறகுதான் பொறி தட்டியது: ஐயோ, அவர் பார்த்திருப்பாரே! அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொட்டாஷ் கேட்டவருக்கு ஜிப்சத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அத்தான், போன வாரம் நான் பண்ணுனத மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாத்தேன் பாத்தேன். நல்லாத்தான்டா பண்ணுன. எனக்கே சிரிப்பு வந்துருச்சு" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று பூரித்துப்போனேன்.

அதற்கு முன்பெல்லாம் குவைத் போகிறவர்களிடம் ஸ்டூடியோ போட்டோ கொடுத்துவிடுவோம். லேப்டாப் வந்ததும் நிறுத்திவிட்டோம். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ இருந்தால் அனுப்பு என்று அவர் கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். "வாரா வாரம் சினிமா மாதிரி பாக்குறீங்க, போட்டோவ வச்சு என்ன பண்ணப்போறீங்க, மாலை போடவா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

லீவை விட்டுக்கொடுத்துக் கான்ட்ராக்டை நீட்டித்தவர், ஒருவழியாக ஊருக்கு வந்தார். பாப்பா ஒன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போனோம். அக்கா குடிக்கத் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். நான் ஒரு தூண் ஓரம் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தாண்டி அத்தான் தள்ளுவண்டியோடு வருவதைப் பாப்பாதான் முதலில் பார்த்தாள். என் கையை உதறிவிட்டு ஓடி, வண்டிக்கு நேர் முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

அத்தான் வண்டியை நிறுத்தி, அவளைப் பார்த்தார். அவளைத் தாண்டிக் கூட்டத்தில் தேடினார். பிறகு குனிந்து, அன்பாகத்தான் கேட்டார்:

"கொஞ்சம் ஒதுங்கும்மா, வண்டி இடிச்சுரும். நீ யாரைக் கூப்பிட வந்திருக்க?"

பாப்பா முதலில் சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வேடிக்கை என்றால் எனக்குத்தான் முதலில் புரியும் என்ற திமிரில். அக்கா தண்ணீர் பாட்டிலோடு வந்து, "என்னங்க, பாப்பாங்க" என்று சொன்ன பிறகு அவர் முகம் போன போக்கில்தான், அது விளையாட்டு இல்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அந்த மேசைக்குப் போனார். மானிட்டரைச் சுற்றி வந்தார். "மூடி எங்க மாப்ளே?" என்றார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துண்டால் தூசியைத் துடைத்து, மேல் விளிம்பில் எள்ளளவு ஓட்டை ஒன்றைக் காட்டினார். "இதான் கேமரா. இது இங்க கெடந்தா நான் உங்கள எங்கேருந்து பாக்குறது? எனக்கு வந்ததெல்லாம் கறுப்புதான்."

அக்கா கத்திவிட்டாள். "மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல? சின்னக் கேமரா ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கலாமுல்ல?"

"தெரியிறேனான்னு புள்ள கேட்டுச்சு. ஃபோன்ல பேசுனாலே ஓடுற புள்ள. இல்லன்னு சொல்ல வாய் வரல. அடுத்த வாரம் கேமரா அனுப்புனா, போன வாரம் சொன்னது பொய்யின்னு ஆயிடும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படியே போயிருச்சு."

பாப்பா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப என் டான்ஸு?" என்றாள்.

"கொலுசுச் சத்தம் கேட்டுதுடா" என்றார் அத்தான்.

அவள் உள்ளே போய்விட்டாள். லீவு முழுக்க அவர் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ஒரு விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல மரியாதையாக. திரும்பிப் போவதற்கு முன் அத்தான் கும்பகோணத்தில் ஒரு கேமரா வாங்கிவந்து, மானிட்டரின் தலையில் தானே பொருத்தினார். நாற்காலி சரியாகத் தெரியும்படி கோணம் பார்த்துப் பார்த்துத் திருப்பிவைத்தார்.

அந்தத் தலையில்லாத லேப்டாப் இப்போது என் உரக்கடை மேசையில் கிடக்கிறது. ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் தட்டுவேன். கேமரா இன்னும் அதே மானிட்டரின்மேல் உட்கார்ந்திருக்கிறது, கம்பி அறுந்துபோய். அதற்கு எதிரே உட்காரும்போது இன்றும் என்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுக்கிறேன். இத்தனை வயதுக்கு மேல் இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது. அத்தான் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பாப்பாதான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அக்காவின் செல்லுக்குத்தான் வீடியோவில் கூப்பிடுவாள். அத்தான் எட்டி நின்று, திரையில் தன் முகம் விழாமல் மகளைப் பார்ப்பார்.

அன்று கேமரா மாட்டிவிட்டு அத்தான் திரும்பிப் போனபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் பாப்பாவைக் கூப்பிட்டோம். அவள் பின்கட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், வரவில்லை. குவைத்திலிருந்து அத்தான் முதன்முதலாகப் பார்த்தது காலி நாற்காலியை.