யூரியா போடாத பாத்தி

அந்தக் காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையில் அவளைத் தராசுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பாத்திக் கத்தரிக்காயையும் தனித்தனியே நிறுத்துச் சொல்வது வேலை. பத்தொன்பது வருடத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் பட்டியலில் இந்த வருடம்தான் அவள் பெயர் ஏறியிருந்தது.

மேற்பார்வையாளன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காமல் அவனைப் படிக்க வைத்தவள் அவள். பண்ணைக்குள் உறவு தெரிய வேண்டாம் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

அந்தப் பருவத்தில் நான்கு பாத்திகள். முதல் பாத்திக்கு யூரியாவே கிடையாது. அடுத்ததற்குப் பாதி, மூன்றாவதற்குச் சரியான அளவு, கடைசிக்கு இரண்டு மடங்கு. அந்தக் கடைசிப் பாத்தி கரும்பச்சையாய் மதமதவென்று வளர்ந்து, பூக்க மறந்து நின்றது.

“பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி தின்னுட்டு சும்மா நிக்குது பாரு” என்பாள். களையெடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

முதல் பாத்தியிடம் மட்டும் அவள் கேலி பேசமாட்டாள். அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. மண்ணில் தழைச்சத்து இல்லாவிட்டால், மூத்த இலையில் இருப்பதை உருவிச் செடி கொழுந்துக்குக் கொடுத்துவிடும் என்று ஆராய்ச்சியை நடத்தும் அதிகாரியம்மா விளக்கினார். அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற பாத்திகளுக்குப் போட்டு வாளியில் மீந்திருந்த யூரியாவை அள்ளி அந்தப் பாத்தியில் தூவித் தண்ணீர் விட்டாள்.

பத்தே நாளில் செடிகள் பச்சை பிடித்தன. இலையைச் சோதித்த அதிகாரியம்மாவின் முகம் கறுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பாத்தி இல்லையென்றால் மற்ற மூன்றும் வீண். ஒரு பருவ உழைப்பே பாழ்.

அவள் அன்று காலையிலேயே தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் கசிந்துவிட்டது என்று சமாளிப்பதாக அவனும் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் உர அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அதிகாரியம்மா கேட்டதுமே, சாவியை வைத்திருந்த அவனுக்கு வியர்த்துவிட்டது.

“அந்தம்மாதான் போட்டாங்க மேடம்” என்றான், அவள் பக்கம் திரும்பாமலே. “சொன்னா கேக்க மாட்டாங்க.”

இவனுடைய அக்கா என்று அப்போதும் அவள் காட்டிக்கொள்ளவில்லை. பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். அந்த வாரத்தோடு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்கள். பாத்திகளில் செடிகளைப் பிடுங்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது.

தண்ணீர்க் குழாயடியில் அவன் வந்து நின்றான். “வேற வழியில்லக்கா. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

“போங்க சார்” என்றாள். “யாராவது பாத்துடப் போறாங்க.”

முதல் பாத்திச் செடிகளை வேரோடு பிடுங்கினாள். பழக்கதோஷத்தில் தராசில் வைத்து எடையை உரக்கச் சொன்னாள். குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.