கணுக்கால் வரைக்கும் ஒரு சேலை

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே உடுப்பில் ஆசை. சின்ன வயதில் பூப்போட்ட சீட்டிப் பாவாடை. தாவணி போட்ட பிறகு, பப் கை வைத்த ரவிக்கை இல்லாமல் வாசல் தாண்டமாட்டேன். எதிர்வீட்டு அத்தை விடுவாளா?

"ஏண்டி, ரெண்டு கையிலயும் புறா வளக்கிறியா? தீனி யாரு போடுறது?"

அப்புறம் நைலக்ஸ் சேலை வந்தது. கட்டக் கட்ட வழுக்கும். அதையும் விடவில்லை.

அம்மாவுக்கு மட்டும் எப்போதும் ஒரே கட்டு. முழங்காலுக்குத் தூக்கிச் செருகிய நூல்சேலை. நடவுக்குப் போகிறவள், சேறு படாமலிருக்க அப்படிக் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுக்கும் ஏன் அப்படியே போகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண்ணாடிக்குள் நான் மட்டும்தான் தெரிந்தேன்.

அத்தைதான் ஒருநாள் சொன்னாள். பஸ்ஸுக்கு நாங்கள் மிராசுதார் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சேரிப் பெண்கள் அங்கே சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு நடக்கக் கூடாதாம்.

"ஒங்கம்மா கல்யாணமான புதுசுல தழையக் கட்டிக்கிட்டுப் போனா. மிராசுதாரோட காரியக்காரரு நிறுத்தி, நடுத்தெருவுலயே தூக்கிச் செருக வச்சாரு. அன்னைக்குத் தூக்குனதுதான்."

அத்தை இதைச் சொன்னபோது காலம் மாறியிருந்தது. கூலிப் போராட்டமும் நில உச்சவரம்பும் வந்து, மிராசுதார் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. தெருமுனையில் கட்சிக் கொடிகள் பறந்தன. எனக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் அகலக் கரை போட்ட சேலை எடுத்தேன். திருவாரூர்த் தேர் அன்று காலையில் நானே கொசுவம் வைத்து, கணுக்கால் மறையக் கட்டிவிட்டேன்.

"தடுக்குதுடி" என்றாள். ஆனாலும் கரையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அந்தத் தெருவில் அவள் ஒருதடவை அப்படி நடந்துவிட வேண்டும். எனக்கு அன்றைக்குத் தேர்கூட இரண்டாம்பட்சம். தெருமுனை வந்தது. அம்மா நின்றாள். குனிந்து கரையை அள்ளி முழங்காலுக்குச் செருகிக்கொண்டாள்.

"யாரும்மா இருக்கா இங்க? வீடே பூட்டிக் கெடக்கு."

"தெரு இருக்குல்ல" என்றாள்.

திருவாரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நான் சொல்லாமலே சேலையை இறக்கிவிட்டாள். வடம் பிடிக்கும் கூட்டமெல்லாம் அண்ணாந்து தேரைப் பார்த்தது. அம்மா குனிந்து, தன் பாதத்தின்மேல் புரளும் கரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அப்படி ஒரு நடையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. இவளுக்கு இந்த ஆசை எத்தனை வருஷமாக இருந்தது? பப் கைக்கு நான் அடம்பிடித்தபோதும் இருந்திருக்குமா?

சாயங்காலம் ஊர் திரும்பினோம். தெருமுனையில் மறுபடி தூக்கிச் செருகினாள்.

இன்றைக்கு நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அதே தெருக் கடையில் பால் வாங்குகிறேன். ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா கண்மூடும்வரை அங்கே தழையக் கட்டி நடக்கவில்லை. அந்தச் சேலை என் பீரோவில் இருக்கிறது. மடிப்பெல்லாம் நைந்துவிட்டது. தரையில் புரளவேண்டிய கரை மட்டும் புதுசாகவே இருக்கிறது.