அழுக்குக் கால் ஆகாதாம்!

சில வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். திண்டுக்கல்லை ஒட்டி இருக்கும் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது. அன்றைக்கு, ஏசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். வழக்கமாக அந்த நாற்காலிகளில் வசதியான வீட்டு ஆட்கள்தான் உட்காருவார்கள். அந்த வருடம் தெருவுக்கு ஒருவர் என்று சொல்லிவிட்டதால், எங்கள் தெரு சார்பில் என் வீட்டுக்காரரைச் சொன்னார்கள்.

அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தண்ணீரிலும் சாயத்திலும் நின்று நின்று பாதமெல்லாம் வெடித்து, நகம் கருத்துக் கிடக்கும். மனுஷன் சாயங்காலம் முழுக்கத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவி, புது வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தால் அவர் நாற்காலியில் வேறு யாரோ! இவர் கடைசி வாசலோரம் நிற்கிறார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருக்கும் ஒருவர், "ஏப்பா, யூடியூப்ல லைவ் போகுது. சாமி இந்தக் கால்லயா முத்தம் குடுப்பாரு? நீ போயி பின்னாடி நில்லு" என்றாராம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "விடு புள்ள, கோயில்ல சத்தம் போடாத" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் சாமியார், ஆண்டவரே அடிமை வேலை செய்தார் என்று உருக்கமாகப் பிரசங்கம் வைக்கிறார். சோப்புப் போட்டுப் பளபளவென்று வந்த கால்களில் தண்ணீர் ஊற்றுகிறார். இதற்கு எதற்குத் தண்ணீர்?

பூசை முடிந்ததும் நேரே சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு வீட்டுக்கே வந்து கழுவிடுறேன்" என்றார்.

"வேணாஞ் சாமி. ஊரே பாக்கப் பின்னாடி அனுப்பிட்டு, கழுவுறதை மட்டும் யாருக்கும் தெரியாம செய்வீகளா?" என்று கேட்டேன்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அழுக்குக் கால் ஆகாதென்றால், ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு யாருக்காகக் குனிந்தார் என்று ஒவ்வொரு பெரிய வியாழனும் அந்தக் கோயிலில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.