அனெஸ்திஸ் பரிமாறிய கோதுமை

மெல்போர்னில் எங்கள் கிரேக்கர் தெருவில் எட்டு மேசை போட்டு உணவகம் நடத்துகிறான் அனெஸ்திஸ். சமைப்பதெல்லாம் அவன் மனைவி எவாந்தியா. வாசலில் நின்று பல்லைக் காட்டி, வருகிற வெள்ளைக்காரர்களிடம் "எல்லாம் எங்க முன்னோர் பக்குவம்" என்று அளப்பது மட்டும்தான் அவன் வேலை. முன்னோராம்! மாமனார் செத்ததற்கே விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போன ஆள்.

அந்த மாமனாரின் நாற்பதாம் நாள் பூசைக்காக எவாந்தியா கோலிவா செய்து வைத்திருந்தாள். அவித்த கோதுமை, மாதுளை முத்து, மேலே சர்க்கரைப் பொடி, அதன்மேல் பாதாம் மிட்டாயால் அப்பாவின் பெயர். செத்தவர்களுக்கு மட்டுமே அதைச் செய்வோம். "ஆண்டவன் இவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லித்தான் வாயில் போடுவோம்.

பூசைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். இனிப்பு தீர்ந்துபோயிருந்தது. இந்த மகானுபாவன் என்ன செய்தான் தெரியுமா? எவாந்தியா கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, தட்டிலிருந்த பெயரை வழித்துவிட்டு, கோதுமையைக் கிண்ணத்தில் அள்ளி, "பழங்கால இனிப்பு" என்று பத்திரிகை அம்மாள் முன்னால் வைத்துவிட்டான். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு ஆலிவ் தொண்டையில் அடைத்துக்கொண்டது. மிச்சத்தையும் மற்ற மேசைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தான்.

கோதுமையை அவித்து இரவெல்லாம் உலர்த்த வேண்டும். மறுபடி செய்ய ஏது நேரம்? கோயிலில் அப்பாவின் பெயரை வாசித்தபோது எவாந்தியா வெறுங்கையோடு நின்றாள்.

பத்திரிகையில் ஆகா ஓகோ என்று எழுதிவிட்டார்கள். அனெஸ்திஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாராவாரம் அதைச் செய்யிடி. ஆளுங்க வரிசை கட்டி நிப்பாங்க."

"அது எங்கப்பாவுக்குச் செஞ்சதுங்க."

"செத்த மனுசன் வந்து திங்கவா போறாரு?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, செய்றேன். ஆனா நம்ம முறைப்படிதான் செய்வேன்."

"எப்படியோ செஞ்சு தொலை."

அடுத்த சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. அதில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். எவாந்தியா பெரிய தட்டைத் தூக்கி வந்து நடு மேசையில் வைத்தாள். சர்க்கரையின்மேல் பாதாம் மிட்டாயில், கொட்டை எழுத்தில், "அனெஸ்திஸ்".

கிரேக்கர்கள் எல்லாரும் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டோம்.

"அடியேய், நான் உசிரோடதாண்டி இருக்கேன்!" என்று கத்தினான்.

"கத்தாதீங்க. முன்னோர் பக்குவம்ங்க," என்றாள் எவாந்தியா.

முதல் கரண்டியை நான்தான் எடுத்தேன். "ஆண்டவன் இவரை மன்னிக்கட்டும்," என்று சத்தமாகவே சொன்னேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத் தின்றார்கள். சாப்பாட்டு மரியாதை போலிருக்கிறது என்று வெள்ளைக்காரர்களும் எழுந்து நின்று, அனெஸ்திஸின் முகத்தைப் பார்த்தே கிரேக்கத்தில் அதைத் திக்கித் திக்கிச் சொல்லி, ருசித்துத் தின்றார்கள்.