இடி இல்லாத நாளில் இறங்கிய மெயின் சுவிட்ச்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவளுக்கு இந்தக் கதைகளுக்கா பஞ்சம்? அருவியில் விழுந்து செத்தவன், பழைய பங்களாவில் அழுகிறவள் என்று சீசனுக்குச் சீசன் யாராவது ஒன்றைக் கொண்டுவந்து ரிசப்ஷனில் கொட்டுவார்கள். "ரூமக் காலி பண்ணும்போது சாவிய வச்சிட்டுப் போங்க, கதையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. நம்பாதவர்களுக்கும் இதில் உபயோகம் உண்டு, திருட்டுப் பயல்கள் எப்படி வீட்டுக்குள் வருகிறான்கள் என்பதாவது தெரியும்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் லாட்ஜ். சின்னது. வீடு தென்காசியில். நானும் என் வீட்டுக்காரரும்தான் நடத்தினோம், அவருக்கு இருதய வால்வு கெட்டுப்போன பிறகு நான் மட்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வடகரையில் இருந்த தென்னந்தோப்பை விற்று அந்தப் பணத்தை லாட்ஜ் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தேன். அதற்கு மேல் விற்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. அந்தப் பணம் போனால் அவர் போனார், அவ்வளவுதான் கணக்கு.

தெரியாத நம்பரை எடுக்காதே என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிறார்கள். சீசனில் எங்களுக்கு வருவதெல்லாமே தெரியாத நம்பர்தான். மதுரையிலிருந்து, சென்னையிலிருந்து, புனலூரிலிருந்து எவன் எவனோ கூப்பிட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்பான். ரூம் எடுக்கிறானோ இல்லையோ, பதில் சொல்லியாக வேண்டும். மெயின் அருவியில் நல்லா விழுது, பழைய அருவியில் கொஞ்சம் கம்மி, சாரல் அடிக்குது, வாங்க. குற்றாலத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறவனைச் சந்தேகப்பட எங்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் அவன் கை வைத்தான்.

ஆனி மாதம், மத்தியானம் தாண்டிய நேரம். தங்கியிருந்தவர்கள் எல்லாம் குளிக்கப் போய்விட்டார்கள். ஒருத்தன் கூப்பிட்டான். தண்ணீர் விழுகிறதா என்று கேட்டான், சொன்னேன். குடும்பத்தோடு வருகிறோம் என்றான். பிறகு, "மேடம், நெட்டுல உங்க லாட்ஜ் பக்கத்தத் தெறந்தா வைரஸ்னு செவப்பா எழுத்து வருதே, பாருங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சீசனில் அந்தப் பக்கம் திறக்காவிட்டால் எங்களுக்குச் சோறு கிடையாது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு நம்பர். கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவிப் பிரிவு என்றான் ஒருத்தன். டிவியில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி தமிழ். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் புகார் வந்திருக்கிறது, சரிசெய்யத்தான் கூப்பிடுகிறேன், காசு ஒன்றும் வேண்டாம் என்றான். இப்போது யோசித்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. எந்தக் கம்பெனி தானாகக் கூப்பிட்டு ஓசியில் ரிப்பேர் பார்க்கும்? ஏசி கெட்டுப்போய் நாமே கெஞ்சிக் கூப்பிட்டாலும் வாரக்கணக்கில் வர மாட்டான்கள். ஆனால் முதல் ஆள் வைரஸ் என்று சொல்லி முடித்த சூட்டில் இவன் வந்ததால் எனக்கு உறைக்கவில்லை.

ஆபீஸ் ரூமுக்குள் போகச் சொன்னான், போனேன். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினேன். அதில் வந்த எண்ணைக் கேட்டான், சொன்னேன். அதோடு மவுஸ் என் கையைவிட்டுப் போயிற்று. நான் தொடாமலே திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்து அங்கேயும் இங்கேயும் திறக்கிறது. பயமாகத்தான் இருந்தது.

"மேடம், நீங்க தனியாத்தான இருக்கீங்க? கதவச் சாத்திக்கோங்க. வேற யாரும் உள்ள வந்தா வேலை கெட்டுரும்."

ஆமாம் என்றேன். அந்த நேரம் பார்த்து, ரூம்களைச் சுத்தம் செய்கிற இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள். "யக்கா, மாடியில பெட்ஷீட்டு பத்தல."

"பொறவு வா. இப்ப ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

"என்னத்த, தங்கமா காய்ச்சுதிய உள்ள?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டேன். இதை ஞாபகத்தில் வையுங்கள். போட்டது நான், என் கையால், இரும்புத் தாழ்ப்பாள்.

திருடர்கள் உங்கள் பேங்குக் கணக்குக்குள் நுழைந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், திறங்கள் என்றான். தோப்புப் பணம் அதில்தானே கிடக்கிறது. பாஸ்வேர்டை அடித்தேன். உடனே திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. "சுத்தம் பண்ணிட்டு இருக்கேன் மேடம், பயப்படாதீங்க" என்றான். என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன், அதில் ஒரு எண் வந்தது. பாதுகாப்பு எண், படித்துச் சொல்லுங்கள் என்றான். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறது, என் கண்ணும் அதைப் பார்க்கிறது, ஆனாலும் வாய் படிக்க ஆரம்பித்துவிட்டது. பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது, அவன்கள் தொழிலே அதை வைத்துத்தான்.

பாதி எண்ணைச் சொல்லியிருப்பேன். அவனே நிறுத்தினான்.

"மேடம், ஒரு நிமிஷம். தனியா இருக்கேன்னு சொன்னீங்க?"

"தனியாத்தான் இருக்கேன்."

"உங்க பின்னாடி ஒருத்தர் நிக்கிறாரே. அவர வெளிய போகச் சொல்லுங்க."

துபாயில் இருக்கிற மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு கேமரா மாட்டி வைத்திருந்தேன். அதன் வழியாக அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். சாத்திய கதவு, போட்ட தாழ்ப்பாள், வேறு ஒன்றுமில்லை.

"இங்கன யாரும் இல்லியே?"

"என்ன மேடம் வெளையாடுறீங்க? வயசானவர், சட்டை போடல, துண்ட தலைக்கு மேல தூக்கி ஆட்டிட்டு இருக்காரு. அவர் யாரு? என்ன சொல்றாரு உங்ககிட்ட?" அவன் குரலில் அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. "அவர வெளிய அனுப்புங்க மேடம்!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது, இணையப் பெட்டியின் பச்சை விளக்கும் போயிற்று. பேட்டரி எப்போதோ செத்துப்போய் வெறும் டப்பாவாக நிற்கிற யு.பி.எஸ். ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

சத்தம் எல்லாம் அடங்கியதும்தான் போனுக்குள் இருந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரல், எனக்குத் தெரிந்த குரல், யாரிடமோ தேனாகக் கேட்கிறது: "அருவில தண்ணி விழுதா மேடம்?"

முதலில் என்னைக் கூப்பிட்டவன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்கள்.

"மீதி நம்பரச் சொல்லுங்க மேடம், சீக்கிரம்" என்றான் இவன். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவன் அம்மாவைப் பெற்ற ஊர்வரைக்கும் போய்விட்டுத்தான் போனை அணைத்தேன்.

கதவைத் திறந்தால் இசக்கியம்மா ஓடி வருகிறாள். "யக்கா, ஃபேனெல்லாம் நின்னுட்டு!"

"எதுத்த லாட்ஜுல இருக்கா?"

"அங்கன எரியுது. நமக்கு மட்டுந்தான் போயிட்டு."

நல்லவேளை, மெயினைப் பார்க்கப் போகவில்லை. கரண்ட் வந்தால் அவன் மறுபடி உள்ளே வந்துவிடுவான் என்ற புத்தி மட்டும் எங்கிருந்தோ வந்தது. பேங்கு அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கிற எண்ணுக்கு அடித்துக் கணக்கை முடக்கச் சொன்னேன். சைபர் குற்றத்துக்கென்று அரசாங்கம் வைத்திருக்கிற உதவி எண்ணில் புகார் சொன்னேன். ஆட்டோ பிடித்துத் தென்காசியில் பேங்குக்கே போய் நின்றேன். அங்கே பார்த்துவிட்டுச் சொன்னார்கள், பணத்தை மாற்றுவதற்காக யாரோ ஒருவனின் கணக்கை என் கணக்கில் புதிதாகச் சேர்க்கப் பார்த்து, போனில் வந்த அந்த எண்ணுக்காகக் காத்து நின்று, அப்படியே அறுந்திருக்கிறது. பணம் அப்படியே இருந்தது. பேங்கு வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

எல்லா பாஸ்வேர்டையும் வேறு போனிலிருந்து மாற்றினேன். கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். இதை நீங்களும் செய்யுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடன்.

இனி நீங்கள் நம்பாத பகுதிக்கு வருகிறேன்.

எங்களிடம் சுப்பையா அண்ணாச்சி என்று ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஐப்பசியில் இங்கே இடி பயங்கரமாக விழும். இடி முழங்கினால் மெயினை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் டிவி, மோட்டார் எல்லாம் புகைந்துவிடும். அது அண்ணாச்சி வேலை. ஒரு தடவை சொல்லாமல் இறக்கி, புக்கிங் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கெட்டுப்போய், அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அதன் பிறகு மெயினைத் தொடுவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, துண்டைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக் காட்டுவார். நான் அணைத்த பிறகுதான் போய் இறக்குவார். சட்டை போட மாட்டார். "லேடீஸ் வாராங்க, சட்டையப் போடுங்க அண்ணாச்சி" என்றால், "சாரல்ல நனையுத சட்ட எதுக்குத் தாயி?" என்பார்.

அவர் செத்துப்போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவர் உடலுக்கு மாலை போட்டு வந்தவள் நான்.

அன்று சாயங்காலம் எலக்ட்ரீசியன் பக்கீர் பாயைக் கூட்டிக்கொண்டு மீட்டர் ரூமுக்குப் போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தால் மெயின் சுவிட்ச் கைப்பிடி அடிவரை இறங்கிக் கிடந்தது. பழைய காலத்து இரும்புக் கைப்பிடி.

"ஃபியூஸ் போயிருக்கா பாய்?"

"ஃபியூஸ் நல்லாத்தான இருக்கு. யாரு எறக்குனது?"

"ஒருத்தரும் எறக்கல. தானா விழுந்திருக்கும்."

"இதா? தானா விழுமா? நானே ரெண்டு கையால தொங்கினாத்தான் எறங்கும். போங்கக்கா." அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. சாரலில் இடி கிடையாது, அன்றைக்கும் இடிக்கவில்லை.

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், இப்போது மறுபடி வாக்கிங் போகிறார். உடம்பு தேறிய பிறகுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏட்டி, ஒன்ன மாதிரி வாயாடியவே ஒருத்தன் ஏமாத்திருக்கான்னா அவன் கெட்டிக்காரன்தான்" என்று கிண்டல் செய்தார். துண்டு ஆட்டிய விஷயத்தையும் சொன்னேன். "குளிச்சிட்டு வந்த எவனாவது துண்ட ஒதறியிருப்பான்" என்றார். உள்தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள் எவன் வந்து உதறுவான்?

நானும் அந்தத் திருட்டுப் பயல் சும்மா அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அவன் பேர் பொய், கம்பெனி பொய், வைரஸ் பொய், இதுவும் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை எழுதிய எஸ்.ஐ., சின்னப் பொண்ணு, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டது. "பக்கத்துல ஆளு இருக்கா இல்லியான்னு பாக்கத்தான் மேடம் கேமராவத் தெறக்கானுவ. ஆளு இருந்தா அவனுவ பாச்சா பலிக்காது. அத மட்டும் நல்லாக் கவனிச்சுப் பாப்பானுவ" என்றது. பிறகு பேனாவை எடுத்து, "அந்த நேரம் ரூமுக்குள்ள உங்ககூட யாரு இருந்தா?" என்று கேட்டது. யாருமில்லை என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

எழுதி முடித்துவிட்டு, கேமரா கண்ணில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள், எவனும் பார்க்க முடியாது என்றது. வந்ததும் ஒட்டிவிட்டேன். மகன் கூப்பிடும்போதுகூட அதை எடுப்பதில்லை. "முகத்தக் காட்டும்மா, டேப்ப எடு" என்று அவன் கத்துகிறான். எடுக்க மாட்டேன். திருடன் என்னைப் பார்த்துவிடுவான் என்று அல்ல. டேப்பை எடுத்தால் திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரியும், எனக்குப் பின்னால் அந்த வாசலும் தெரியும்.