சிங்கத்துக்கு ஏற்றிய டிரிப்ஸ்

ஊசியக்கா பதினாறு வருஷம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவள். பிறந்து மூன்றே நாளான சிசுவின் நூல் போன்ற நரம்புகூட அவள் விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். ஒரே குத்துதான், இரண்டாவதுக்கு இடம் வைக்கமாட்டாள். அழ வாயெடுத்த பிள்ளை, "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போகும். அந்தப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஊசியக்கா.

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவருக்கு இங்கே பஸ் ஓட்டும் வேலை, மகளுக்கு இங்கே கல்லூரி. விட்டுப் போக முடியாமல் வேலையை விட்டாள். வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் அலமாரியை மூன்று முறை அடுக்கிவிட்டாள். நாலாவது முறை துணிகளை இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று வாசல் மணி அடித்தது. வந்தவள் பழைய கட்டடக் கற்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கெமிஸ்ட். அவளுடைய மகளுக்கு வருஷக்கணக்கில் ரத்தம் எடுத்தது ஊசியக்காதான்.

"அக்கா, பழைய கோர்ட்டு கட்டடத்துல எனக்கு வேலை நடக்குது. அங்க கல்லுக்கு ஊசி போடணும்."

"கல்லுக்கா? ஏம்மா, வேலையில்லாம இருக்கேன்னு கிண்டல் பண்றியா?"

"சத்தியமா இல்லக்கா. கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியும். ஆனா உங்க கை எனக்குக் கிடையாதே."

மறுநாளே போய்ப் பார்த்தாள். முந்நூறு வருஷத்துக் கட்டடம். கூரை விளிம்புக்குக் கீழே, சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய ஒன்பது சிங்கங்கள். மழையும் வண்டிப் புகையும் அரித்து, பிடரியில் விரல் வைத்தாலே மாவாக உதிர்ந்தது. கல்லின் பொடிப்பொடி மணிகளுக்குள் இருந்த பிடிப்பு போய்விட்டது என்றாள் கெமிஸ்ட். அதற்கான மருந்து ஒரு பாட்டிலில் பால் கலந்த தண்ணீர் போல இருந்தது. நானோ அளவுக்குப் பொடித்த சுண்ணாம்பை ஆல்கஹாலில் மிதக்கவிட்டிருந்தார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்நூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைக்குள்ளும் புகுந்துவிடும். ஆல்கஹால் பறந்துபோக, உள்ளே தங்கிய சுண்ணாம்பு ஈரத்தோடு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லக் கல்லாகவே மாறி மணிகளைச் சேர்த்துப் பிடிக்கும்.

"பசை எதுவும் போடலை. அதோட சரக்கையே அதுக்குத் திருப்பிக் குடுக்கறோம். அப்படித்தானே?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"அப்படியேதான்க்கா. நான் ஒரு மணி நேரம் சொல்றதை ஒரு வரியில சொல்லிட்டீங்க."

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் பழகினவைதான். விரிசல்களை நரம்பைத் தேடுவதுபோலத் தடவிக் கண்டுபிடித்து ஊசியை இறக்குவாள். முதல் இரண்டு சிங்கங்களும் சமர்த்தாக மருந்தைக் குடித்தன.

சாரம் கட்டிக்கொடுத்த இன்ஜினியருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சாரத்தை அடுத்த வேலைக்குக் கொண்டுபோக வேண்டும். "அக்கா, இந்தக் கணக்குல போனா ஒன்பதாவது சிங்கத்தை என் பேரன்தான் பார்ப்பான்," என்று தினமும் கீழே நின்று கத்துவார். ஆல்கஹால் பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்று அவள் விரட்டியதில் ஏற்கெனவே மனுஷன் கடுப்பில் இருந்தார்.

நச்சரிப்பு தாங்காமல், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மதியம், மூன்று நாளைக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய மருந்தை மூன்றாவது சிங்கத்துக்கு ஒரே மூச்சில் செலுத்திவிட்டாள்.

மறுநாள் காலை சாரத்தில் ஏறியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கம் மூஞ்சி முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு நின்றது.

கெமிஸ்ட் ஏறி வந்ததும் ஊசியக்காவே முந்திக்கொண்டு சொன்னாள். "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன். மூணு நாள் மருந்தை ஒரே நாள்ல ஏத்திட்டேன்."

கெமிஸ்ட் வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வெயில்ல ஆல்கஹால் சட்டுனு வெளியே ஓடி வந்திருக்கு. வரும்போது சுண்ணாம்பையும் இழுத்துட்டு வந்திருச்சு. நல்லவேளை, இன்னும் கெட்டியாகலை. எடுத்துடலாம்க்கா."

ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அதை எடுக்க இரண்டு நாள் பிடித்தது. "மேக்கப் கலைஞ்சுதா?" என்று கீழிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் அவசரப்படாதவள், வாயில்லாத கல் என்றதும் அவசரப்பட்டுவிட்டோமே என்று மனசு உறுத்தியது.

அன்று சாயங்காலம் கணவர் காய் நறுக்கிக்கொண்டே, "உன் சிங்கத்துக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தாகம் இருக்குங்க. ஆனா குடுத்தா கக்குது."

"கக்கற பிள்ளைக்கு ஆஸ்பத்திரில என்ன செய்வாங்க?"

"டிரிப்ஸ் போடுவாங்க, வேறென்ன..." என்று சொல்ல ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க! டிரிப்ஸ்!"

"என்னத்தைச் சொல்லிட்டேன் நான்?" என்று கத்தியும் கையுமாக விழித்தார் அவர்.

மறுநாள் மருந்துக்கடையில் இரண்டு டிரிப்ஸ் டியூப் வாங்கிக்கொண்டு போய்க் கெமிஸ்ட்டின் மேஜைமேல் வைத்தாள். "இனிமே சொட்டுச் சொட்டாக் குடுப்போம்மா," என்றாள். கெமிஸ்ட் மருந்தை இன்னும் நீர்க்கக் கலக்கினாள். சிங்கத்தைத் தொடுமுன், உதிர்ந்து கிடந்த இரண்டு துண்டுக் கல்லை எடுத்து ஒன்றுக்கு ஊசியிலும் மற்றதற்குச் சொட்டுச் சொட்டாகவும் ஏற்றினார்கள். துணியால் நிழல் கட்டினார்கள். மறுநாள் இரண்டையும் அறுத்து, மருந்துச் சுண்ணாம்பு பட்ட இடத்தை மட்டும் ரோஜா நிறமாக்கிக் காட்டும் திரவத்தைத் தெளித்தாள் கெமிஸ்ட். ஊசி போட்ட கல்லில் நக அளவுக்குத்தான் ரோஜா நிறம். சொட்டு ஏற்றிய கல்லில் ஒரு விரற்கடையையும் தாண்டி ஓடியிருந்தது.

"அக்கா," என்றாள் கெமிஸ்ட். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நான்கு சிங்கங்களின் தலைக்கு மேல் பாட்டில்கள் தொங்கின. ஊசியக்கா பலகையில் முன்னும் பின்னும் நடந்து, ஒவ்வொரு டியூபிலும் சொட்டை எண்ணி, சின்னச் சக்கரத்தைத் திருகிச் சரிபார்த்தாள். வார்டில் ரவுண்ட்ஸ் போவதுபோலவே இருந்தது. ஒரே நேரத்தில் நான்கு சிங்கங்களுக்கு நடந்ததால், மெதுவாகக் கொடுத்தும் வேலை சீக்கிரம் நகர்ந்தது. இன்ஜினியர், "கோர்ட்டை ஆஸ்பத்திரி ஆக்கிட்டீங்களே!" என்றார். ஆனால் அந்த வாரம் பேரனைப் பற்றி வாயே திறக்கவில்லை. கணவரின் பஸ் அந்த வழியாகப் போகும்போது பயணிகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்களாம். "எங்க வீட்டு டாக்டர்," என்று அவரும் பெருமை அடித்துக்கொண்டாராம்.

எல்லாமே கைகூடியது என்று சொல்வதற்கில்லை. ஆறாவது சிங்கத்தின் கீழ்த்தாடை, மருந்து ஏறுவதற்கு முந்தின நாளே பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்தத் தூளை ஒரு டப்பாவில் அள்ளித் தேதி எழுதி வைத்தாள்.

ஆறு வாரம் கழித்துச் சோதனை. மருந்துக்கு முன்னால் பிடரியில் செல்லோடேப் ஒட்டி உரித்தபோது முப்பத்தெட்டு மில்லிகிராம் தூள் வந்திருந்தது. இப்போது அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி உரித்துத் தராசில் வைத்தார்கள். மூன்று. நம்பாமல் கெமிஸ்ட் இன்னொரு இடத்தில் உரித்தாள். மூன்றுக்கும் குறைவு. இன்ஜினியர் தாமே எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார். அந்த மனுஷன் வாயில் அது பெரிய வார்த்தை.

அறிக்கையில் சொட்டுமுறை யாருடைய யோசனை என்று கெமிஸ்ட் தெளிவாக எழுதினாள். அந்த வருஷமே ஊசியக்காவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இப்போது ஆற்றுப் பாலம் ஒன்றில் இருக்கிறாள். செதுக்கிய தூண்கள் நாற்பத்தொன்று, மூன்றுக்கு முடிந்திருக்கிறது. போன வாரம் பாலத்தில் நடந்து போன ஒரு சின்னப் பெண் தொங்கும் பாட்டிலைப் பார்த்து நின்று, "ஆன்ட்டி, தூணுக்கு என்ன காய்ச்சலா?" என்று கேட்டாள்.

"காய்ச்சல் இல்லடா கண்ணு. கொஞ்சம் பலவீனம்."

"ஊசி போட்டா வலிக்காதா?"

"தொட்டுப் பாரேன்," என்று சொல்லி, ஏற்கெனவே மருந்து குடித்து முடித்த தூணின் பக்கம் அவளைக் கூட்டிப் போனாள். சின்னப் பெண் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். கையில் தூள் ஒட்டவில்லை.